ராத்திரியில் நம்பர் பிளேட் எடுக்கும் என்று சொல்லி விற்ற கேமரா: 38,500 ரூபாய் போச்சு, கோத்தகிரி பக்கம் இருக்கிறவர்கள் உஷார்

கடை கீழே சமவெளியில் இருக்கிறது. பெயர் போடவில்லை. மொத்த விலைக்கு சிசிடிவி விற்று, மலைக்கும் ஆள் அனுப்பி மாட்டிக் கொடுக்கிற ரகம்.

எங்கள் ஊர் வளைவில் நள்ளிரவில் பிக்கப் வண்டிகள் வந்து கோழிக்கழிவு மூட்டைகளைத் தேயிலைக்குள் தள்ளிவிட்டுப் போகின்றன. வண்டி நம்பர் இல்லாமல் புகார் நிற்காது. அதனால் 22 வீட்டிலும் ஆளுக்கு 1,750 வசூலித்து 38,500 ரூபாய் கட்டினோம்.

நம்பியது ஒரு வீடியோவைப் பார்த்து. கடைக்காரர் போனை நீட்டினார். இருட்டில் ஒரு கார், நம்பர் பளிச்சென்று. விரலால் பெரிதாக்கினார், பிளேட்டை முடுக்கிய ஸ்க்ரூ வரைக்கும் தெரிந்தது. "8 எம்பிங்கண்ணா, ஏஎன்பிஆர் மாடலு. மிஸ்ட்டா இருந்தாலும் புடிச்சுரும், நான் கேரண்டிங்க" என்றார். எம்பி என்றால் மெகாபிக்சல், ஏஎன்பிஆர் என்றால் வண்டி நம்பரைத் தானாகப் படிக்கிற ரகம். அந்தக் கார் நின்றுகொண்டிருந்தது. ஹெட்லைட் அணைந்திருந்தது. கேமராவுக்கு 3 மீட்டர்கூட இருக்காது. இதில் ஒன்றைக்கூடக் கேட்காமல் முழுப்பணத்தையும் அங்கேயே ஜிபே செய்தோம்.

மாட்டிவிட்டுப் போனது 2.8 மில்லிமீட்டர் ஃபிக்ஸட் லென்ஸ் கேமரா, அதாவது அகலமாகப் பார்க்கும், நெருக்க முடியாத லென்ஸ். ஏஎன்பிஆர் என்பது கடை ஒட்டிய ஸ்டிக்கரில் மட்டும்தான், கம்பெனிப் பெட்டியில் அந்த வார்த்தையே இல்லை. வண்டி கடக்கும் இடம் 12 மீட்டர் தள்ளி. அந்தத் தூரத்தில் இந்த லென்ஸ் சுமார் 30 மீட்டர் அகலத்தை விழுங்கும். 8 எம்பி படத்தின் அகலம் 3,840 பிக்சல், அதாவது மீட்டருக்கு 128. காரின் 50 சென்டிமீட்டர் பிளேட்டுக்கு 64 பிக்சல், ஸ்கூட்டரின் 20 சென்டிமீட்டர் பிளேட்டுக்கு 25. அதில் எந்த எழுத்தைப் படிப்பது? 16 மில்லிமீட்டர் அளவுக்கு லென்ஸை நெருக்கிச் சாலையில் 4 மீட்டர் அகலம் மட்டும் பார்த்தால், வெறும் 2 எம்பி கேமராவே கார் பிளேட்டுக்கு 240 பிக்சல் தரும். மெகாபிக்சலைக் காட்டி விற்கிறார்கள், வேலை செய்வது லென்ஸ்.

அடுத்தது ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம். ஆட்டோவில் விட்டால் இருட்டில் 1/25 நொடிக்கு இறங்கிவிடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதற்குள் 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், எழுத்தெல்லாம் இழுபட்ட கோடு. 1/1000 வைத்தால் நகர்வு 8 மில்லிமீட்டர்தான். படம் கறுத்துப்போகும், போகட்டும். பிளேட்டில் இருக்கும் ஃபிலிம், கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் ரகம் என்பதால் கறுப்புக்குள் பிளேட் மட்டும் தனியாகத் தெரியும். ஆட்டோவில் அதே பிளேட் வெள்ளைக்கட்டியாகிவிடும், எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் அதுதான். கெயினை (படத்தைச் செயற்கையாக வெளிச்சமாக்குவது) குறைக்க வேண்டும், டபிள்யூடிஆரை (வெளிச்சத்தையும் இருட்டையும் சமன் செய்வது) அணைக்க வேண்டும், நாய்ஸ் ரிடக்‌ஷனையும் (படத்தின் புள்ளிகளைத் துடைப்பது) இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடும் எழுத்துக்குப் பின்னால் நிழல் வால் விழும். ஃபோகஸை ராத்திரியில், ஐஆர் எரியும்போது வைக்க வேண்டும். பகலில் கூராக வைத்தது ஐஆரில் விலகும். வந்த பையன் மத்தியானம் இரண்டு மணிக்கு மாட்டிவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான்.

மிஸ்ட் விஷயம்தான் ரொம்ப எரிச்சல். ஐஆர் விளக்கு கேமராவின் முகத்திலேயே இருந்தால் மூட்டத்தின் நீர்த்துளிகள் அந்த வெளிச்சத்தை நேராக லென்ஸுக்கே திருப்பும், திரை முழுக்கப் பால். விளக்கைத் தனியாக வாங்கி ஒரு மீட்டராவது தள்ளி மாட்ட வேண்டும். சிலந்தியும் அந்த விளக்கைத் தேடி வந்து லென்ஸில் வலை கட்டும். மலைக்கு விற்கிறவருக்கு இது தெரியாதா?

போன் செய்தோம். முதல் நாள், "செட்டிங்ஸ்தாங்கண்ணா, ரிமோட்ல பாத்துக்கலாம்." மூன்றாம் நாள், "ஃபர்ம்வேர் அப்டேட் வருதுங்க." ஐந்தாம் நாள், "மிஸ்ட்டுல எந்தக் கேமராவும் அப்படித்தானுங்க." கேரண்டி கொடுத்த அதே வாய்! லென்ஸை மாற்றிக் கொடுங்கள் என்றதற்கு, ஆள் மேலே வர 1,500 தனியாம். நேற்றிலிருந்து போனை எடுக்கவில்லை. 38,500 ரூபாய்க்கு எங்கள் கையில் இருப்பது எஸ்டிமேட் என்று கையால் எழுதின ஒரு துண்டுச்சீட்டு.

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது இவ்வளவுதான் முடிகிறது. பாதிப் பணத்துக்கு மேல் முதலில் கொடுக்காதீர்கள். ராத்திரி, ஹெட்லைட் போட்டு, உங்கள் வண்டியையே 30 கிலோமீட்டரில் ஓட்டிக் காட்டச் சொல்லி, ரெக்கார்டிங்கைப் பார்த்த பிறகுதான் மீதி. லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், ஜிஎஸ்டி பில்லாக. கேமராவை உச்சியில் ஏற்றவிடாதீர்கள், பிளேட்டைப் பார்க்கும் சாய்வு 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. பணம் போயிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். நாங்கள் திங்கட்கிழமை ஊட்டிக்குப் போகிறோம்.