வாசலுக்கு வரும் நாய்க் குளியல் வேன்: வேலை நன்று, வாரச் சந்தா வேண்டாம்

சென்னையில் வீட்டு வாசலுக்கே வேனைக் கொண்டுவந்து நாயைக் குளிப்பாட்டித் தரும் சேவைகள் இப்போது பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை எங்கள் வீட்டு லாப்ரடாருக்கும் ராஜபாளையத்துக்கும் கடந்த கோடையிலிருந்து அமர்த்தி வருகிறேன். வேலையில் பெரிய குறை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர்கள் வற்புறுத்தும் 'வாரம் ஒரு குளியல்' சந்தா, பெரும்பாலான நாய்களுக்குத் தேவையற்றது என்பதே என் கருத்து.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே உதிர்மயிரைச் சீவி எடுத்துவிடுகிறார்கள். சிக்குள்ள மயிர் நனைந்தால் இன்னும் இறுகிவிடும் என்பதை அறிந்தவர்கள்தான் இப்படிச் செய்வார்கள். வெதுவெதுப்பான நீர், குவளையில் கரைத்த ஷாம்பூ, காதுகளில் பஞ்சு, முகத்துக்கு ஈரத்துணி மட்டும் என எல்லாம் முறையாக நடக்கிறது. உலர்த்தும்போது அந்த இளைஞர் லாப்ரடாரின் வாலடியில் மயிரை விரலால் வகிர்ந்து, தோல் தெரியும் வரை காற்றைப் பாய்ச்சினார். வேனின் கூரையெங்கும் பஞ்சுபோல உள்மயிர் பறந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த அடர்ந்த உள்மயிர் ஈரமாகவே கிடந்தால் தோலில் புண் கிளம்பும் என்பதால், அவர் அங்கே செலவிட்ட நேரத்துக்கே கட்டணம் தகும்.

இனி சந்தாவுக்கு வருவோம். நாயின் மேல்தோல் மனிதத் தோலைவிட மெல்லியது. அதன் அமில காரத் தன்மையும் வேறு. அதனால்தான் நம் சோப்பும் கிருமிநாசினித் திரவமும் அதற்கு ஆகாதவை. தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசைதான் அதற்குக் காப்பு. வாரந்தோறும் தேய்த்துக் கழுவினால் அந்தப் பசை போய், தோல் வறண்டு, செதில் உதிர்ந்து, நாய் சொறியத் தொடங்குகிறது. சொறிவதைக் கண்டு அழுக்கு என்று நினைத்து மறுபடியும் குளிப்பாட்டுகிறோம். நலமாக இருக்கும் லாப்ரடாருக்கு மாதம் ஒரு முறை போதும். குட்டையான மயிர் கொண்ட ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் இரண்டு மாதம்கூடப் பொறுக்கலாம். இடையில் ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்து, நடைக்குப் பின் பாதங்களைத் துடைத்தால் வாடை அண்டாது. சேற்றில் புரண்டு வந்தால் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

அடிக்கடி குளியல் தேவைப்படுவது தோல் நோய் உள்ள நாய்களுக்குத்தான். ஈஸ்ட் என்னும் பூஞ்சைத் தொற்றுக்கு குளோர்ஹெக்சிடின், மைக்கோனசோல் என்ற மருந்துகள் கலந்த ஷாம்பூவை வாரம் இருமுறைகூட மருத்துவர் எழுதித் தருவதுண்டு. அது தோலில் ஏறத்தாழ 10 நிமிடம் ஊறினால்தான் பலன். லாப்ரடாருக்காக நாங்கள் கொடுத்த அத்தகைய மருந்து ஷாம்பூவை வேன்காரர்கள் சாதாரண ஷாம்பூவைப் போல உடனே அலசப் போனார்கள். சொன்ன பிறகே காத்திருந்தார்கள். புட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பதைப் படிப்பது தொழில் செய்பவர்களின் கடமை அல்லவா?

கூடுதல் கட்டணத்தில் தரும் 'உண்ணிக் குளியல்' எனக்கு அறவே உடன்பாடில்லை. குளிக்கும் நேரத்தில் உடலில் இருக்கும் உண்ணிகள் சில மடியலாம். ஆனால் நாய் உண்ணி சுவர் இடுக்கிலும் முட்டையிட்டுப் பெருகுவது என்பதால், மறுவாரமே திரும்பி வரும். நாய்களுக்கு வரும் உண்ணிக்காய்ச்சல் உயிரையே வாங்கக்கூடிய நோய். அதற்குக் கழுத்தில் விடும் மருந்தோ மாத்திரையோதான் முறையான காப்பு. ஃபிப்ரோனில் போன்ற சொட்டு மருந்து எண்ணெய்ப் பசையின் வழியே பரவுவதால், அதை விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. முன்பதிவின்போது இந்தக் கேள்வியை அவர்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வாரச் சந்தாவில் சேர்ந்தவர்களின் நிலை என்னவென்று எண்ணிப் பாருங்கள்.

பெரிய நாயைக் குளியலறையில் குனிந்து கழுவ முடியாத முதியவர்களும், மாடிக் குடியிருப்பில் உலர்த்த இடமில்லாதவர்களும் இந்த வேனைத் தயங்காமல் அழைக்கலாம். சந்தாவைத் தவிர்த்து, தேவைப்படும்போது தனிக் குளியலாகப் பதிவு செய்யுங்கள். நகம் வெட்டுதலும் காது துடைத்தலும் அதிலேயே அடங்கும். வாசனைத் தெளிப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதற்கான தொகையையும் கழித்துவிடுகிறார்கள்.