தென்காசியில் ஒரு சுவர் மூலை

குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தது, பார்டர் பரோட்டா அதே ருசி, காசி விசுவநாதர் கோயிலில் கூட்டமில்லை. இதெல்லாம் வாட்ஸப்பில் போட்டாயிற்று. இப்போது எழுத உட்கார்ந்தது, ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண் எங்கள் வீட்டுக் கூடத்தில் இட்லி ஊட்டச் சொல்லிக்கொடுத்ததைப் பற்றி.

அக்கா மகளுடைய பையனுக்கு இரண்டரை வயது. செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிக்கப்பட்டு உடலசைவு கட்டுக்குள் வராத மூளை வாதம். என் மகனுக்கும் அதேதான். அவன் கனடாவின் மிசிசாகாவில் ஹைஸ்கூல் போகிறான். அதனால் எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் என் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

முதலில் டவுனில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். பெயர் வேண்டாம். விடிகாலையிலேயே ஆள் அனுப்பி டோக்கன் போட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு உள்ளே விட்டார்கள். டாக்டர் பிள்ளையைத் தொடவே இல்லை. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தார். "இது பழசு, புதுசா ஒண்ணு எடுத்துருங்க, பிசியோவ விட்டுராதீங்க" என்றார். முடிந்தது. வெளியே வந்தால் கவுண்டரில் ஒரு தம்பி ஸ்டெம் செல் 'பேக்கேஜ்' நோட்டீஸைக் கையில் திணிக்கிறான். மூளை வாதத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையே இல்லை. முறைப்படி பதிவு செய்த ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஆனால் நகையை அடகு வைக்கத் தயாராக நிற்கிற தாயிடம் அதை யார் சொல்வது? நான் சொன்னேன். சாயங்காலம் வரை அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள்தான் மெதுவாக வாய் திறந்தாள். "ஆய்க்குடியில இருந்து ஒரு அக்கா வீட்டுக்கே வருவாங்க சித்தி. நாளைக்கு வருவாங்க."

ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்குகிற அமர் சேவா சங்கத்தைத்தான் சொன்னாள். நம் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. 1975இல் கடற்படையில் சேருவதற்கான தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. தனக்குச் சிகிச்சை தந்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல் நினைவாக அந்தப் பெயரை வைத்தார். ஆனால் 'வீட்டுக்கே வருவாங்க' என்றதும் எனக்குத் தோன்றியது வேறு: ஒரு நோட்டு, ஒரு கையெழுத்து, ஒரு காப்பி, போய்விடுவார்கள்.

காலையில் சரியாகப் பிள்ளைக்கு இட்லி பிசைகிற நேரத்தில் வந்து நின்றாள். பக்கத்து ஊர்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. நாற்காலி போட்டதைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "பிள்ளை சாப்புடுத நேரம் பாத்துதான் வந்தேன். நீங்க எப்பவும் போல குடுங்கம்மா, நான் சும்மா பாக்கேன்."

என் அக்கா எப்பவும் போலக் கொடுத்தாள். காலை நீட்டி, அதில் அவனை மல்லாக்கப் போட்டு, குழைத்த இட்லியை வாயில் வைக்கிற அதே பழைய முறை. நம் எல்லாரையும் அப்படித்தான் வளர்த்தார்கள். இரண்டாவது வாய்க்குப் புரையேறியது. உச்சியில் தட்டினாள். நாலாவது வாய்க்கு மறுபடியும்.

அந்தப் பெண் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உக்கார வச்சா எப்படிம்மா இருப்பான்?" என்றாள். வைத்துக் காட்டினார்கள். இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தான். கையை எடுத்தால் சாய்ந்தான்.

"பாத்தீங்களா, ரெண்டு கையும் உக்காருததுக்கே செலவாயிருது. அப்புறம் சாப்பிடக் கை எங்க இருக்கு?"

போனில் வீடியோ எடுத்தாள். யாரோ பெரியவர்களிடம் பேசுகிற தோரணையில் என்னிடம், "தெரபிஸ்ட் ஜி.எம்.எஃப்.சி.எஸ். லெவல் நாலுன்னு போட்டிருக்காங்க" என்றாள். மூளை வாதம் உள்ள பிள்ளை எவ்வளவு தானாக உட்காருகிறது, நடமாடுகிறது என்று பிரிக்கிற அந்த ஐந்து படி அளவுகோல் 1997இல் வெளியானது. மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து கேன்சைல்ட் என்ற ஆய்வுக் குழுவின் வேலை. ஹாமில்டனில் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதைத் தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்துக் கூடத்தில், தரையில் சம்மணம் போட்டபடி ஒருத்தி சொல்கிறாள்.

பிறகு தையல் மெஷினை நகர்த்தச் சொன்னாள். சுவரும் சுவரும் சேர்கிற மூலையில் போர்வையை மடித்துப் போட்டு அவனை உட்கார வைத்தாள். முழங்கால்களுக்கு நடுவே சுருட்டிய துண்டு, முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூல். இரண்டு சுவரும் தோளை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொள்ள, தலை நிமிர்ந்து தாடை கொஞ்சம் இறங்கியது. கை இரண்டும் சும்மா ஆயின. சும்மா ஆன கை முதலில் சட்னிக் கிண்ணத்தைத்தான் தட்டிவிட்டது. அப்புறம் இட்லியைப் பிடித்தது. பாதி சட்டையில், கொஞ்சம் சுவரில், மிச்சம் வாயில். அன்றைக்கு அதற்குப் பிறகு புரையேறவில்லை. அக்கா, "இந்தச் சுவரு இங்கனதான இருந்துது" என்று அந்த மூலையையே திட்டினாள்.

கனடாவில் என் மகனுக்குக் கிடைத்தது இதைவிட நூறு மடங்கு உசத்தியான நாற்காலி. ஒண்டாரியோ அரசே முக்கால் பங்கு கொடுத்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அளவெடுத்து, அனுமதி வாங்கி, வந்து சேருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுவான், மறுபடி அளவு. அதே கேன்சைல்டைச் சேர்ந்த டாக்டர் பீட்டர் ரோசன்பாம் சகாவோடு 2012இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ஊனமுள்ள குழந்தைகள் விஷயத்தில் கவனிக்க வேண்டியவை என்று ஆறைச் சொல்கிறது: செயல்பாடு, குடும்பம், உடல்தகுதி, கேளிக்கை, நட்பு, எதிர்காலம். நாங்கள் போகிற மையத்தில் அது போஸ்டராகத் தொங்குகிறது. ஆறு மாத விசாவில் வந்து அவனுக்குச் சோறு ஊட்டிய என் அம்மாவிடம், 'நீங்கள் எப்படி ஊட்டுகிறீர்கள்' என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

ஆய்க்குடியில் நேரில் போய் விசாரித்தேன். வீடு வீடாகப் போகிறவர்கள் அந்தந்த வட்டாரத்துப் பெண்கள். அவர்கள் பதிவதெல்லாம் 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலிக்குள் போகிறது. பிசியோ, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி நிபுணர்கள் அதைப் பார்த்து அடுத்த இலக்கைச் சொல்கிறார்கள். கூடவே பயிற்சியும் கொடுக்கிறார்கள். அந்தப் பதிவுகளை வைத்தே ஆய்வும் நடக்கிறது. பிள்ளையின் முன்னேற்றம் மட்டுமல்ல, வளர்க்கிறவர்களின் பாரம் எவ்வளவு குறைந்தது என்பதையும் அளந்து மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். கனடாவின் ஹேண்டி-கேர் இன்டர்நேஷனல் என்ற தொண்டு அமைப்பு இவர்களுக்குத் துணை. இத்தனை வருஷம் அங்கே இருந்தும் எனக்குத் தெரியாது.

நம் ஊர் ஒரேயடியாகத் திருந்திவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஊனச் சான்றிதழுக்கு மாடியில் இருக்கிற அறைக்குப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினாள் அக்கா மகள். 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்ட 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பெயர் அந்த அறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. லிஃப்ட் இல்லை. கனடாவில் எங்கள் பக்கம் பனி கொட்டுகிற காலையிலும் லிஃப்ட் வைத்த பள்ளிப் பஸ் வாசலுக்கு வரும். இங்கே ஷேர் ஆட்டோக்காரர் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் வேகம் எடுக்கிறார்.

அந்தச் சுவர் மூலையைப் போலவே பிள்ளையைப் பிடித்துக்கொள்கிற மூலை நாற்காலி ஒன்றுக்கு அந்தப் பெண்ணே அளவு எழுதிக் கொடுத்தாள். ஆசாரி கேட்காமலே முதுகுப் பலகையில் மயில் செதுக்கிவிட்டு, மயிலுக்குத் தனிக் கூலி கேட்டார். பேரம் இன்னும் முடியவில்லையாம்.

தென்காசிப் பக்கம் உறவில் தலை நிற்காத, உட்காராத கைக்குழந்தை இருந்தால், டவுனில் டோக்கன் போடுமுன் ஆய்க்குடிக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். வேறு மாவட்டம் என்றால் அங்கன்வாடி டீச்சரிடம் கேட்கலாம். 2013இல் தொடங்கிய, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கிற ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தில் அங்கன்வாடிக்கு வந்து பார்க்கிற மருத்துவக் குழு, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுக்கும். பிறந்ததிலிருந்து 18 வயது வரை பார்ப்பார்கள், காசு கிடையாது.