அபோ-ஈ நாக்அவுட் சுண்டெலி: பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வகம் 002052 என்ற பட்டியல் எண்ணில் விற்கும் அபோ-ஈ நாக்அவுட் சுண்டெலியே, அதாவது அபோ-ஈ என்ற புரதத்துக்கான மரபணு செயலிழக்கச் செய்யப்பட்ட சுண்டெலியே, இம்மதிப்பீட்டின் பொருள். ஒரு புரதத்தின் வேலையை, அது இல்லாத உடலைக் கொண்டு அறியும் முறைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

குடலிலிருந்து வரும் கொழுப்புத் துகள்களில் எஞ்சியதைக் கல்லீரல் உள்வாங்க அபோ-ஈ புரதம் துணைபுரிகிறது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் நொபுயோ மாயேதாவின் குழு 1992-இல் அதன் மரபணுவைச் சிதைத்து இவ்வகையை உருவாக்கியது. இந்தச் சுண்டெலிகள் நலமாகப் பிறந்து குட்டியும் ஈனுகின்றன. ஆனால் சாதாரணத் தீவனத்திலேயே அவற்றின் ரத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 5 மடங்காக உயர்ந்து, 3 மாத வயதில் பெருந்தமனியின் தொடக்கத்தில் கொழுப்பு படியத் தொடங்குகிறது. இயல்பான சுண்டெலிக்கு எளிதில் வராத நோய் இது என்பதால், புரதம் செய்துவந்த வேலை கண்கூடாகிறது.

குறை, ஒப்பீட்டுக்குரிய எலியில்தான் இருக்கிறது. இம்மரபணுவின் இரு பிரதிகளையும் இழந்த ஆணையும் பெண்ணையும் இணைத்தால் எல்லாக் குட்டிகளும் ஒரே வகை, மரபணு வகையைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனைச் செலவு மிச்சம் என்று எண்ணித் தொடக்கத்தில் நாங்களும் அப்படியே வளர்த்து, தனியாக வாங்கிய, இம்மரபணு மாற்றம் இல்லாத சி57பிஎல்/6ஜே என்ற ஆய்வக வகை எலிகளோடு ஒப்பிட்டோம். 129 என்ற வேறொரு சுண்டெலி வகையின் ஸ்டெம் செல்லில் உருவான இம்மரபணு மாற்றம் 10 தலைமுறை பின்கலப்பு (சி57பிஎல்/6ஜே வகையோடு மீண்டும் மீண்டும் இணைத்தல்) செய்யப்பட்டிருந்தாலும், அதை ஒட்டிய குரோமோசோம் பகுதி பழைய வகையினதாகவே தங்கிவிடுகிறது. தாயும் கூண்டும் வேறானால் குடல் நுண்ணுயிர்களும் வேறாகின்றன. ஒரு பிரதி மட்டும் இழந்த பெற்றோரை இணைத்து, ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை ஒப்பிடுவது செலவைக் கூட்டும்; ஆயினும் கூண்டு, தாய் ஆகிய வேறுபாடுகளையேனும் அது நீக்குகிறது. ஒட்டிய பகுதியின் சிக்கல் அப்போதும் தீராது.

மனிதரில் கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் எல்டிஎல் என்ற கொழுப்புத் துகள் சுமக்க, இவ்வெலியில் கல்லீரல் உள்வாங்காத எச்சத் துகள்களே சுமக்கின்றன. படிவு வெடித்து ரத்தம் உறைவதும் அரிது. ஆகவே மாரடைப்பு மருந்தைச் சோதிக்க மட்டும் இதை வாங்குவோருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மனித அபோ-ஈ புரதத்தின் வடிவங்களுள் ஒன்றான ஈ4-ஐ ஆராய்வோருக்கும் இது உதவாது; அதற்கு மனித மரபணு பொருத்திய வகையே வேண்டும்.