சங்க்ட் ஹான்ஸ் இரவு: கோபன்ஹேகனா, ஸ்காகனா, டிஸ்வில்டெயா?

டென்மார்க்கில் நண்பர்கள் இருந்தால் ஜூன் மாதத்தில் போங்கள். அதிலும் 23ஆம் தேதி இரவு அங்கே இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். திருமுழுக்கு யோவானின் பிறந்தநாளுக்கு முந்தைய மாலை அது. யோவானை ஹான்ஸ் என்று சுருக்கி, அந்த மாலையை சங்க்ட் ஹான்ஸ், அதாவது புனித ஹான்ஸ் என்கிறார்கள். கடற்கரைகளில் விறகை மலைபோல் அடுக்கித் தீ மூட்டுவார்கள். ஒருவர் உரையாற்றுவார். பிறகு டேனிஷ் கவிஞர் ஹோல்கர் டிராக்மான் 1885இல் எழுதிய பாடலைக் கூடியிருப்பவர்கள் சேர்ந்து பாடுவார்கள். நண்பர் குடும்பத்தோடு மூன்று கோடைகளில் மூன்று ஊர்களில் இந்த இரவைக் கழித்திருக்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் இதற்கென ஒரு வெள்ளிக்கிழமையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். டென்மார்க்கில் எந்தக் கிழமையானாலும் 23தான். மறுநாள் விடுமுறையும் இல்லை. 1770இல் அரசு பல திருநாள் விடுமுறைகளை நீக்கியபோது இதுவும் போய்விட்டது. நீங்கள் விடுப்பில் வந்திருப்பீர்கள். உங்களை அழைத்தவர் மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

அந்தக் கணக்கில் கோபன்ஹேகனை மிஞ்ச எதுவும் இல்லை. நண்பர் வேலை முடிந்து வந்ததும் சைக்கிளில் அமாகர் கடற்கரைக்குப் போனோம். சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிறது, அதனால் அவசரம் இல்லை. ஆனால் கூட்டம் மிகுதி. உரையில் ஒரு சொல்லும் எங்கள் காதுக்கு எட்டவில்லை, கைதட்டல் மட்டும் கேட்டது. பாட்டும் எங்கள் பக்கம் வருவதற்குள் தேய்ந்துவிட்டது. கைக்குழந்தை இருக்கிறது, ஒரே ஓர் இரவுதான் இருக்கிறது என்றால் இதுவே போதும்.

ஸ்காகன் வேறு உலகம். நாட்டின் வடமுனை, கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊருக்கு அப்பால் கிரேனன் மணல்முனையில் ஸ்காகராக், காட்டகாட் என்னும் இரு கடல்கள் எதிரெதிரே வந்து மோதுகின்றன. டிராக்மானின் கல்லறையும் அங்கே மணல்மேட்டில்தான் இருக்கிறது. அந்த ஊரின் வெளிச்சத்துக்காகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியர்கள் அங்கே குவிந்தார்கள். அவர்களில் ஒருவரான பி. எஸ். கிரோயர் 1906இல் முடித்த பெரிய ஓவியம் ஸ்காகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடற்கரையில் சங்க்ட் ஹான்ஸ் தீ, அதைச் சுற்றி ஊராரும் அவருடைய நண்பர்களும். அவரைப் பிரிந்துபோன மனைவி மாரியையும், மாரி விரும்பிய இசையமைப்பாளர் ஹூகோ ஆல்வேனையும்கூட அதே தீயின் அருகில் நிறுத்தி வரைந்திருக்கிறார். அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன். நட்பைப் பற்றி நான் பார்த்த ஓவியங்களில் இவ்வளவு வலிக்கச் செய்தது வேறில்லை.

ஆனாலும் முதல் பயணத்துக்கு ஸ்காகனைச் சொல்ல மாட்டேன். எனக்காக நண்பர் மூன்று நாள் விடுப்பு எடுத்தார், விடுதி அறைக்கு மாதக்கணக்கில் முன்பே பணம் கட்டினார். தீயைச் சுற்றி நின்றவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போல வெளியூர்க்காரர்கள். நண்பரும் அங்கே விருந்தாளியாகத்தான் இருந்தார்.

டிஸ்வில்டெயில் அப்படி இல்லை. கோபன்ஹேகனிலிருந்து நகர ரயிலில் ஹிலெரொட் வரை நாற்பது நிமிடம், அங்கிருந்து சிற்றூர் ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம். நண்பரின் மாமியாருக்கு அங்கே மரத்தாலான சின்னக் கோடை வீடு இருக்கிறது. இந்த இரவுக்கும் அந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. புனித ஹெலனாவின் பெயரில் ஓர் ஊற்று இருக்கிறது; சங்க்ட் ஹான்ஸ் இரவில் அதன் நீருக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் கூடும் என்று நம்பி நோயாளிகள் வந்து குடித்தார்கள், ஹெலனாவின் கல்லறையருகே படுத்து உறங்கினார்கள். மாமியார் ஒரு பாட்டிலில் அந்த நீரைப் பிடித்து வந்து மேசையில் வைத்தார். புது உருளைக்கிழங்கு, ஊறவைத்த ஹெர்ரிங் மீன், ஸ்ட்ராபெரி எல்லாம் முடிந்து கடற்கரைக்கு நடந்தோம். குழந்தைகள் குச்சியில் மாவைச் சுற்றித் தணலில் வாட்டினார்கள். பாட்டு அச்சிட்ட தாளை யாரோ என் கையில் கொடுத்தார்கள். என் உச்சரிப்பைத் திருத்தியபடியே பக்கத்தில் நின்ற கிழவர் கடைசி வரி வரை என்னோடு பாடினார்.

டிஸ்வில்டெயைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல இடங்களில் தீயின் உச்சியில் வைக்கோலால் செய்த சூனியக்காரி பொம்மையை ஏற்றுகிறார்கள். இது தொன்றுதொட்டு வந்த வழக்கம் அன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஜெர்மனியிலிருந்து வந்தது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் சூனியக் குற்றம் சாட்டி உண்மையான மனிதர்களை டென்மார்க்கில் எரித்திருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்களை. பாவாடை கட்டிய பொம்மை தீப்பற்றுவதை என்னால் பார்க்க முடியவில்லை. கோபன்ஹேகனில் முகத்தைத் திருப்பிக்கொள்வதைத் தவிர எனக்கு வழியில்லை. டிஸ்வில்டெயில் நண்பரின் மகள் பொம்மை வேண்டாம் என்றாள். பேசி முடிவெடுத்துப் பொம்மை இல்லாமலே மூட்டினார்கள்.

மழையற்ற ஆண்டாக இருந்தால் எங்கே போனாலும் தீ இல்லாமல் போகலாம். 2018, 2023 கோடைகளில் வறட்சியால் பல ஊர்களில் தீ மூட்டத் தடை இருந்தது. போகும் வாரத்தில் நண்பரிடம் கேட்டுவிடுங்கள்.

டிஸ்வில்டெ போகிறீர்கள் என்றால் மாலைவரை காத்திருக்காமல் காலையிலேயே போய்ச் சேருங்கள். பல நாளாக அடுக்கிக் கிடக்கும் விறகுக்குள் முள்ளெலிகள் குடியேறியிருக்கும். தீ மூட்டும் நாளன்று குவியலைக் கலைத்து வேறிடத்தில் அடுக்க வேண்டும், அதற்கு எத்தனை கைகள் இருந்தாலும் போதாது.