வரிசையிலிருந்து பரிமாணம்: இணைகளை எண்ணுவதா, நடுப்புள்ளியைத் தேடுவதா?

காலவெளி அடிமட்டத்தில் தனித்தனி நிகழ்வுகளால் ஆனது, எது எதற்கு முந்தியது என்ற உறவைத் தவிர அவற்றுக்கிடையே வேறெதுவும் இல்லை என்று கொள்ளும் காரணக் கணக் கோட்பாட்டை (causal set theory) பொம்பெல்லி, லீ, மேயர், சார்க்கின் ஆகிய நால்வரும் 1987இல் முன்வைத்தனர். நீளமும் கோணமும் இல்லாத இந்த வரிசைக்கு எத்தனை பரிமாணம் என்பதைக் கண்டறிய இரண்டு வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன.

முதலாவது மைர்ஹெய்ம்–மேயர் முறை. இரு நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட பகுதியை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள இணைகளில் முன்பின் உறவுடையவை எத்தனை பங்கு என்று எண்ண வேண்டும். தட்டையான காலவெளியில் சமவாய்ப்பாகத் தூவிய புள்ளிகளுக்கு இப்பங்கு 2 பரிமாணத்தில் சரிபாதி, 3இல் 8/35, 4இல் 1/10. பரிமாணம் கூடக் கூட, ஒன்றன் ஒளிக்கூம்புக்கு, அதாவது ஒளிவேகத்தை மீறாமல் அதனோடு தொடர்புகொள்ளக்கூடிய எல்லைக்கு, வெளியே மற்றொன்று விழ இடம் அதிகரிப்பதே காரணம். இரண்டாவது, நடுப்புள்ளி முறை. பகுதியை இரண்டு சிறு பகுதிகளாகப் பிரிக்கும் நிகழ்வுகளில், அவ்விரண்டில் சிறியது எதில் மிகப் பெரிதாக அமைகிறதோ அதுவே நடுப்புள்ளி. அச்சிறு பகுதி மொத்தத்தில் 2 பரிமாணத்தில் நான்கில் ஒன்றாகவும், 3இல் எட்டில் ஒன்றாகவும், 4இல் பதினாறில் ஒன்றாகவும் இருக்கும்.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் முதல் முறையே மேல். 4 பரிமாணத்தில் 100 புள்ளிகள் என்றால் நடுப்புள்ளி முறைக்குக் கிடைப்பது ஆறேழு புள்ளிகள்தான். இரண்டு புள்ளி கூடினாலோ குறைந்தாலோ விடை அரைப் பரிமாணம் அளவுக்கு நகர்ந்துவிடும். மைர்ஹெய்ம்–மேயர் முறையோ 4,950 இணைகளையும் பயன்படுத்திக்கொள்கிறது. வளைந்த காலவெளியில் இரண்டுமே சிறு பகுதிகளுக்குத்தான் பொருந்தும். சமவாய்ப்பு நடை (ஒவ்வோர் அடியிலும் திசையைத் தற்செயலாகத் தேர்ந்து நகர்வது) புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் நிகழ்தகவிலிருந்து பெறும் நிறமாலைப் பரிமாணத்தை நான் இவற்றோடு போட்டியில் சேர்க்கமாட்டேன். காரணக் கணத்தில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் தொலைவான அண்டைகள் ஏராளம் என்பதால், அது அளப்பது வேறொரு பண்பை.

ஆனால் தூவிப் பெறாத வரிசைகளில் மைர்ஹெய்ம்–மேயர் எண்ணை மட்டும் நம்புவது ஆபத்து. உறுப்புகள் மிகப் பலவானால் ஏறத்தாழ எல்லாப் பகுதி வரிசைகளும் (எல்லா இணைகளுக்கும் முன்பின் உறவு இருக்க வேண்டாத வரிசைகள்) கால், அரை, கால் என மூன்றே அடுக்குகளாகத்தான் அமையும் என்று கிளைட்மனும் ராத்ஸ்சைல்டும் 1975இல் நிறுவினர். மேலும் கீழும் ஓர் உறுப்பைச் சேர்த்து அதை ஒரு பகுதியாக்கினால், உறவுள்ள இணைகளின் பங்கு 3/8. அப்பங்கைப் பரிமாணமாக மாற்றும் மைர்ஹெய்ம்–மேயர் சூத்திரம் சுமார் 2.4 என்று நம்பத்தகுந்த முகத்தோடு விடை சொல்லும். நடு அடுக்கிலுள்ள ஓர் உறுப்புக்கு மேலும் கீழும் மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு இருப்பதால், நடுப்புள்ளி முறை அதே வரிசைக்கு 3 என்று சொல்லும். இவ்விடைகளில் எதுவும் அவ்வரிசையின் பரிமாணம் அல்ல. அது எந்தக் காலவெளியையும் ஒத்ததல்ல என்பதை அவற்றுக்கிடையிலான முரணே காட்டிக்கொடுக்கிறது.