சர்க்கரை உள்ள குழந்தை, என் வீட்டுக் காப்பகம், இரண்டு வருட சென்சார் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டரும் இல்லை நர்சும் இல்லை. வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன், நான்கு பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. அதில் ஒருத்திக்கு டைப் 1 சர்க்கரை, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காததால் ஊசியாகவே போட வேண்டிய வகை. ஒன்றரை வயதில் வந்தாள், இப்போது நான்கை நெருங்குகிறாள். முதல் மூன்று மாதம் விரலில் குத்திப் பார்ப்பது மட்டும்தான், அதற்குப் பிறகு சென்சார். எந்தக் கம்பெனி சென்சார் என்று எழுதப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி எல்லாத் தயாரிப்புக்கும் பொருந்தும், மீதி என் கைக்கோளாறு.

தெரியாதவர்களுக்காக: மேல்கையில் ஒட்டும் சின்ன வில்லை அது. அதிலிருந்து முடி போல ஒரு இழை தோலுக்குள் போய், 5 நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையை அளந்து போனுக்கு அனுப்பும். 10 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதை அவள் அம்மா வீட்டிலேயே செய்துவிடுகிறார். போன் என் இடுப்புப் பையில் இருக்கும். அதே எண் அம்மாவின் போனிலும் தெரியும். இந்தக் கடைசி வசதிதான் பெரிய வரமும் பெரிய தலைவலியும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

சென்சார் இல்லாத அந்த மூன்று மாதத்தில் எனக்குப் பட்ட கஷ்டம் குத்துவதில் இல்லை, எப்போது குத்துவது என்பதில். ஒன்றரை வயசுக்கு "தலை சுத்துது" என்று சொல்லத் தெரியாது. சர்க்கரை இறங்கினால் சிணுங்கும், அடம்பிடிக்கும், முகம் வெளுக்கும், சில நேரம் பேசாமல் ஒரு இடத்தையே வெறித்துப் பார்க்கும். தூக்கம் வந்தாலும் அந்த வயதுக் குழந்தை இதையேதான் செய்யும்! ஒருநாள் பொம்மைக்காக உருண்டு புரண்டு அழுதாள், அழுது ஓயட்டும் என்று விட்டுவிட்டேன். வியர்த்திருந்த கழுத்தைத் தொட்டபோதுதான் சந்தேகம் வந்து குத்திப் பார்த்தேன், 52. எழுபதுக்குக் கீழே போனாலே சிகிச்சை கொடுக்க வேண்டும். அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: அடம் பிடித்தால் முதலில் விரல், கண்டிப்பு பிறகு.

சென்சார் வந்ததும் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம், எண்ணைவிட அம்புக்குறி முக்கியம். 110 என்று காட்டி அம்பு நேராகப் படுத்திருந்தால் நிம்மதி. அதே 110, அம்பு செங்குத்தாகக் கீழே பார்த்தால், அதுவும் முற்றத்தில் ஓடி ஆடிவிட்டு வந்த நேரமாக இருந்தால், கால் மணி நேரத்தில் விஷயம் வேறு. ஒரு தடவை குத்திப் பார்ப்பதில் இது தெரியவே தெரியாது.

ஆனால் இந்த அம்பையும் எண்ணையும் நம்பி நான் அடி வாங்கியதும் உண்டு. சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திசு நீரை. அதனால் சில நிமிடம் பின்தங்கித்தான் சொல்லும். ஒருநாள் சர்க்கரை இறங்கியபோது ஜூஸ் கொடுத்தேன், பத்து நிமிடம் கழித்தும் எண் இறங்கிக்கொண்டே இருந்தது, பதறிப்போய் இன்னொரு டம்ளர் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் 280. ஜூஸ் முதலிலேயே வேலை செய்துவிட்டிருந்தது, சென்சாருக்குத்தான் அது தாமதமாகத் தெரிந்தது. இப்போதெல்லாம் கொடுத்த 15 நிமிடம் கழித்து விரலில் குத்தித்தான் முடிவெடுப்பேன்.

இன்னொன்று மதியத் தூக்கம். எல்லாப் பிள்ளைகளும் தூங்கி நானும் கொஞ்சம் காலை நீட்டிய நேரத்தில் 48 என்று அலாரம் அலறியது. எழுப்பி, அரைத் தூக்கத்தில் ஜூஸ் ஊட்டி, அவள் அழுது, மற்ற மூன்றும் எழுந்து, வீடே ரணகளம். கடைசியில் பார்த்தால் சென்சார் உள்ள கை மேலேயே படுத்திருக்கிறாள். அந்த இடம் அழுந்தினால் எண் பொய்யாக இறங்கும் என்று அன்று மாலைதான் தெரிந்துகொண்டேன். அதற்காக "படுத்திருப்பாள், பரவாயில்லை" என்று விட்டுவிடவும் முடியாது. மெல்லத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, தூக்கத்திலேயே விரலில் ஒரு குத்து. எழுந்திருக்கவே மாட்டாள், பழகிவிட்டது. (அதை நினைத்தால் எனக்குத்தான் மனசு என்னவோ செய்யும்.)

விரலும் பொய் சொல்லும். ஒருநாள் சென்சார் 140, மீட்டர் 310. பயந்துபோய் அம்மாவுக்குப் போன் எடுக்கும்போது பார்த்தேன், கையெல்லாம் வாழைப்பழம். கழுவித் துடைத்துவிட்டுக் குத்தினால் 146.

சாப்பாட்டு நேரம் தனிக்கதை. எவ்வளவு மாவுச்சத்து சாப்பிடப் போகிறாளோ அதற்கேற்ப இன்சுலின். இவள் அளவுக்கு அரை யூனிட் கூடினாலே பெரிய வித்தியாசம், அதனால் அரை யூனிட் கணக்கில் போடக்கூடிய இன்சுலின் பேனா. டாக்டர் கையெழுத்துப் போட்ட திட்டமும் அம்மாவின் எழுத்துமூல அனுமதியும் இல்லாமல் நான் ஊசியைத் தொட மாட்டேன். முதலில் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டோம். போட்டுவிட்டேன், இரண்டு வாய் வாங்கிவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்கவா முடியும்? கெஞ்சி, கொஞ்சி, கதை சொல்லி, பொம்மை காட்டி, ஒவ்வொரு வேளையும் போர்க்களம். அவளும் புத்திசாலி, சாப்பிடாவிட்டால் இவர்கள் பதறுகிறார்கள் என்று புரிந்துகொண்டுவிட்டாள். அம்மா டாக்டரிடம் சொன்னபோது, இந்த வயதில் சாப்பிட்டு முடித்ததும் சாப்பிட்ட அளவுக்குப் போடலாம் என்றார். சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை கொஞ்சம் எகிறத்தான் செய்கிறது, இருக்கட்டும். வீட்டில் சண்டை நின்றது, அவளும் மற்றவர்களைப் போலவே சாப்பிட ஆரம்பித்தாள். தராசு ஒன்று மேசையிலேயே இருக்கும், தட்டை முன்னும் பின்னும் நிறுப்பேன். உரித்த வாழைப்பழம் 100 கிராமில் ஏறக்குறைய 23 கிராம் மாவுச்சத்து, பால் 100 மில்லியில் 5 கிராம், இதெல்லாம் மனப்பாடம். தனிச் சமையல் கிடையாது, நான்கு பேருக்கும் ஒரே சாப்பாடு. இவள் தட்டு மட்டும் தராசில் ஏறும்.

இப்போது அந்தத் தலைவலி. முதல் வாரம் அவள் அம்மாவிடமிருந்து ஒரே நாளில் பதினொரு போன். "அக்கா, ஆபீஸ்ல உட்கார்ந்து அம்பையே பார்த்துட்டு இருக்கேன், ஏன் இறங்குது?" அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் ஒரு கையில் ஜூஸ், மடியில் குழந்தை, காதில் போன், நடக்காத கதை. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து அரைப் பக்கத்தில் எழுதினோம். 70க்குக் கீழே போனால் நான் ஜூஸ் கொடுப்பேன், கொடுத்தேன் என்று ஒரே வார்த்தை மெசேஜ் அனுப்புவேன், 15 நிமிடத்துக்கு அவர் கூப்பிடக் கூடாது. மறுபடி குத்தியும் ஏறவில்லை என்றால் நான் கூப்பிடுவேன். 250க்கு மேலேயே நின்றால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) பார்த்துவிட்டுக் கூப்பிடுவேன். வாந்தி வந்தால் எந்த எண்ணாக இருந்தாலும் உடனே. வலிப்போ மயக்கமோ வந்தால் வாயில் எதையும் வைக்காமல் குளுக்ககான் ஊசி (சர்க்கரையை வேகமாக ஏற்றும் அவசர மருந்து), ஆம்புலன்ஸ், அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குப் போன். இந்தக் கடைசி வரியை எழுதும்போது அவர் கை நடுங்கியது. என்னைக் கேட்டால், சென்சாரைவிட இந்த அரைப் பக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது.

அந்தக் குளுக்ககான் ஊசி இதுவரை தேவைப்படவில்லை. காலாவதித் தேதி பார்ப்பேன், மருந்தைக் கலக்கும் முறையை மாதம் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பேன், என் வீட்டுக்காரரையும் படிக்க வைப்பேன். நான் குளிக்கப் போகவே கூடாதா என்ன?

அலாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் 100க்கே கத்தும்படி வைத்திருந்தோம், நாள் முழுக்கக் கத்தி, கடைசியில் என் காதில் விழாமலே போனது. டாக்டரைக் கேட்டு 80க்கு இறக்கினோம். 55க்கு அடிக்கும் அவசர அலாரத்தை அணைக்க முடியாதபடி வைத்திருக்கிறார்கள், அது சரிதான். வில்லை பிய்ந்து வருவது இன்னொரு தொல்லை, மேலே கூடுதல் பிளாஸ்டர் ஒட்டினால்தான் 10 நாள் தாங்குகிறது. புதிதாக மாற்றியதும் சென்சார் தயாராகும் வரை எண்ணே வராது, மாடலைப் பொறுத்து அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். அதனால் மீட்டரைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

சென்சார் இல்லாமல் இன்னொரு குழந்தை வந்தால் சேர்ப்பேனா? சேர்ப்பேன், ஆனால் நான்கு பேரை மூன்றாகக் குறைத்துக்கொள்வேன்.

பிள்ளைகள் அலாரத்துக்குப் "பூச்சி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "பூச்சி கத்துது" என்று யாராவது ஓடிவந்து சொல்வார்கள். போன வாரம் அவளே வந்து என் பையைப் பிடித்து இழுத்தாள். "பூச்சி கத்தல, ஆனா கால் ஆடுது." போனில் 84, அம்பும் நேராகத்தான் இருந்தது. கையைக் கழுவிவிட்டுக் குத்தினேன். 66.

ஜூஸ் கொடுத்துவிட்டு, அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன்.