பச்சைச் சேலை வீடியோவைப் பார்த்து ஹட்யாய்க்குக் கிளம்பிவிடாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட், கோல கங்சார், ஈப்போ பக்கம் இருக்கிறவர்களில் பலர் இந்த வீடியோவை வாட்சப்பில் பார்த்திருப்பீர்கள். பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா தோட்டத்து மாரியம்மன் கோயில் படி ஏழையும் கைப்பிடியைத் தொடாமல் ஏறுவார், மேலே போய்த் திரும்பி நின்று சிரிப்பார், கீழே 'ஸ்டெம் செல் ஊசி, இரண்டே வாரம்' என்று எழுத்து ஓடும். தாய்லாந்தின் ஹட்யாயில் முட்டி வலிக்குப் போடுகிற ஊசி அது. ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல். அது என் அம்மா. வீடியோ எடுத்தது நான்.

எடுத்து பதினொரு மாதம் ஆகிறது. இன்றைக்கு அம்மா குளியலறைக்குப் போவதென்றால் பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, நடுவில் இரண்டு முறை அதிலேயே உட்கார்ந்து எழுந்து போகிறார். வீடியோ மட்டும் இன்னும் படியேறிக்கொண்டிருக்கிறது. போன வாரம் பீடோரிலிருந்து ஒருவர் போன் செய்து, "உங்கம்மாவுக்கு நல்லாயிருச்சாமே, நாங்களும் போகலாம்னு இருக்கோம்" என்றார். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

அம்மா முப்பத்தொரு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் மரத்துக்கு மரம் குனிந்து எழுந்து, அப்புறம் காண்டா கம்பின் இரண்டு பக்கமும் வாளி நிறையப் பாலோடு ஸ்டோருக்கு இறங்கி வருவார். முட்டி தேயாமல் என்ன செய்யும்? அரசாங்க கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு முட்டியிலும் ஜவ்வு போய்விட்டது, எலும்போடு எலும்பு உரசுகிறது, மூட்டு மாற்று அறுவை ஒன்றுதான் வழி என்றார் டாக்டர். உள்ளே வைக்கிற மூட்டுக்கு மட்டும் நாம் பணம் கட்ட வேண்டும், அதற்கும் உதவி நிதிக்கு எழுதிப் போடலாம் என்றார். ஒரு வருடம் நாலு மாதம் காத்திருந்து தேதியும் கிடைத்தது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அந்தத் தேதியை நாங்களே போன் செய்து வேண்டாம் என்று சொன்னோம்.

காரணம் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பக்கத்துப் பொது மண்டபமான பாலாய் ராயாவில் நடந்த ஒரு 'ஆரோக்கியக் கூட்டம்'. இலவசமாக ரத்த சர்க்கரை பார்த்தார்கள், மீ கோரெங் கொடுத்தார்கள். நடத்தியது எங்கள் ஊர் அக்காதான், முன்பு இன்ஷூரன்ஸ் விற்றவர், என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். திரையில் படம் போட்டு, ஸ்டெம் செல்லுக்கு 2012ல் நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்றார். நோபல் பரிசு உண்மைதான். ஜப்பானின் ஷின்யா யமனாகாவுக்கும் இங்கிலாந்தின் ஜான் கர்டனுக்கும் கொடுத்தார்கள், வளர்ந்த செல்லை மறுபடி ஆரம்ப நிலைக்குத் திருப்ப முடியும் என்று கண்டதற்காக. ஹட்யாயில் ஒரு கடைவீட்டு மாடியில் முட்டிக்குப் போடுகிற ஊசிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. நோபல் என்றதும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

"கத்தி வைக்கணுமா தங்காச்சி இந்த வயசுல? ஊசி போட்டா ஜவ்வு தானா வளரும்" என்றார் அந்த அக்கா. அம்மாவுக்கு அறுவை என்றாலே பயம். அக்கம்பக்கத்தில் ஒருவர் அறுவை முடிந்து சீழ் பிடித்து ஆறு மாதம் கஷ்டப்பட்டதை நேரில் பார்த்திருக்கிறார். அந்தப் பயத்தின் மேல்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

இரண்டு முட்டிக்கும் சேர்த்து 22,800 வெள்ளி. வேன், இரண்டு ராத்திரி ஹோட்டல், சாப்பாடு எல்லாம் உள்ளே. வீடியோ எடுக்கச் சம்மதித்தால் ஆயிரம் குறையும். சம்மதித்தோம். அம்மாவின் ஈ.பி.எஃப். சேமநிதி மிச்சத்தில் 10,000, சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அனுப்பியது 5,000, மீதி 6,800க்கு என் சங்கிலியும் இரண்டு வளையலும் அடகுக் கடைக்குப் போயின. பணம் போனது கிளினிக் பெயருக்கு இல்லை, இங்கே பதிவான ஏதோ ஒரு வியாபாரக் கம்பெனியின் கணக்குக்கு. ரசீதில் 'சுகாதாரச் சுற்றுலாப் பேக்கேஜ்' என்று இருக்கிறது. ஸ்டெம் செல் என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை. இதை நான் கவனித்தது ஏழு மாதம் கழித்து, புகார் கொடுக்கப் போனபோது.

ராத்திரி வேனில் கிளம்பி புக்கிட் காயூ ஹீத்தாம் எல்லையைத் தாண்டி மறுநாள் காலையில் ஹட்யாய். வேனில் பதினோரு பேர், எல்லாருக்கும் முட்டியோ இடுப்போ. கிளினிக் பளிச்சென்றுதான் இருந்தது, வாசலில் ஆர்க்கிட் பூ எல்லாம் வைத்து. நான் பத்திரமாக உறையில் போட்டுக் கொண்டுபோன எக்ஸ்ரேயை டாக்டர் என்று சொன்னவர் வெளியே எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. தாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் நாலு பக்கம் நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டோம். நர்ஸ் ஒரு நீல நிற ஐஸ் பெட்டியைத் திறந்து, பள்ளிக்கூட வாசலில் ஐஸ்கிரீம் விற்பவர் வைத்திருப்பாரே அதே மாதிரி, இரண்டு சின்ன குப்பியை எடுத்தார். குப்பியில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் அம்மா பெயரைப் பேனாவால் எழுதியிருந்தார்கள், அதுவும் தப்பாக. வேறு எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. தொப்புள் கொடியிலிருந்து எடுத்தது, ஒவ்வொன்றிலும் ஐந்து கோடி செல் இருக்கிறது என்றார்கள். எண்ணிப் பார்க்கவா முடியும்? பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டு முட்டிக்கும் ஊசி முடிந்தது. 'போனஸ்' என்று மஞ்சள் நிறத்தில் ஒரு டிரிப் ஏற்றினார்கள்.

மூன்றாம் நாள் வலி இல்லை. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே இல்லை. அம்மா எழுந்து நின்று சமைத்தார், பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கு நடந்து வந்தார். நான் அழுதுவிட்டேன். இரண்டாவது வாரம் அந்த அக்கா வந்து நல்ல சேலையாகக் கட்டச் சொன்னார், கோயிலுக்குப் போனோம், என் போனில் எடுத்து அனுப்பினேன். அம்மா சிரிப்பதைப் பார்த்தீர்களே, அது நடிப்பு இல்லை.

ஆனால் ஊசி போட்டு வந்த அன்றிலிருந்து நாலைந்து நாள் அம்மாவின் சர்க்கரை தாறுமாறாக ஏறியது. மாத்திரை போட்டால் எட்டு, ஒன்பது மில்லிமோலுக்குள் இருப்பது ஒரு நாள் 21 காட்டியது. மெஷின்தான் கெட்டுவிட்டது என்று புது பேட்டரி வாங்கிப் போட்டேன். அக்காவைக் கேட்டால், "செல் வேலை செய்யுது, உடம்பு கழிவை வெளியே தள்ளுது" என்றார். கூடவே ஆறு டப்பா காப்ஸ்யூல் கொடுத்து, இதைச் சாப்பிட்டால் சர்க்கரைக்கும் மாத்திரை தேவைப்படாது, மெட்ஃபோர்மினை நிறுத்திவிடுங்கள் என்றார். டப்பா 380 வெள்ளி. அம்மா எனக்குச் சொல்லாமல் நிறுத்தியும்விட்டார். நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்து என்றால் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் டப்பாவில் இருக்கும். இதில் ஓர் ஆட்டுக்குட்டி படமும் ஓர் ஆப்பிள் படமும்தான் இருந்தன.

ஏழாவது வாரம் வலி திரும்ப வந்தது, முன்பைவிட மோசமாக. போன் செய்தால், இரண்டாவது டோஸ் போட்டால்தான் பிடிக்கும், 9,000 என்றார்கள். முதல் கூட்டத்தில் ஒரே ஊசி என்று சொன்ன அதே வாய். நம்பிக்கை வருவதற்காக, ஹட்யாயில் ஊசிக்கு மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயை அனுப்பி, பாருங்கள் இடைவெளி வந்திருக்கிறது, ஜவ்வு வளர்கிறது என்றார்கள். உண்மையிலேயே இடைவெளி தெரிந்தது! அதைத் தூக்கிக்கொண்டுதான் ஈப்போ டாக்டரிடம் போனேன், வாதாட.

அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாவைப் படுக்க வைத்து எடுத்தார்களா?" என்றார். ஆமாம். அவர் அம்மாவை நிற்க வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். உடம்பு பாரம் முட்டியில் இறங்கியதும் இடைவெளியைக் காணோம், எலும்பு எலும்பின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. படுத்தால் தெரியும், நின்றால் போய்விடும். இவ்வளவுதான் அந்த ஜவ்வு வளர்ந்த கதை.

அப்புறம் சர்க்கரை விஷயத்தைக் கேட்டார். ஊசி போட்ட கையோடு சர்க்கரை ஏறி, சில நாளில் வலி சுத்தமாகப் போய், சில வாரத்தில் திரும்புகிறது என்றால் அது வலியையும் வீக்கத்தையும் கொஞ்ச நாள் அடக்குகிற ஸ்டிராய்டு ஊசி நடந்துகொள்கிற விதம் என்றார். குப்பியில் என்ன இருந்தது என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது, சோதிக்கக் குப்பியும் இல்லை என்றும் சொன்னார். ஆனால் அவர் கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் நான் முழித்தேன்: எந்த லேப்பில் தயாரானது, பேட்ச் எண் என்ன, எத்தனை செல் உயிரோடு இருந்தது, கிருமி சோதனைத் தாள் எங்கே? உயிருள்ள செல்லை நீண்ட நாள் வைக்க மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் வேண்டுமாம், வெளியே எடுத்துவிட்டால் சீக்கிரம் போட்டாக வேண்டுமாம். எனக்கு அந்த நீல ஐஸ் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஸ்டெம் செல் என்பதே பொய் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றுகிறார்களே, அது ஸ்டெம் செல்தான், எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. முட்டித் தேய்மானம் வேறு கதை. அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கொடுக்கிற எஃப்.டி.ஏ. மூட்டுத் தேய்மானத்துக்கு ஒரு ஸ்டெம் செல் மருந்தையும் அங்கீகரிக்கவில்லை. அங்கேயே நானூறுக்கு மேற்பட்ட முட்டி நோயாளிகளை வைத்துப் பெரிய சோதனை ஒன்று நடத்தி 2023ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று வகை செல் ஊசி ஒரு பக்கம், சாதாரண ஸ்டிராய்டு ஊசி ஒரு பக்கம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் செல் ஊசி எதுவும் ஸ்டிராய்டை மிஞ்சவில்லை. அந்த ஸ்டிராய்டு ஊசி இங்கே தனியார் கிளினிக்கில் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது, நாங்கள் கொடுத்தது இருபத்தோராயிரத்துச் சொச்சம். இன்னொன்று, 2018ல் அமெரிக்காவில் தொப்புள் கொடி ரத்தத்திலிருந்து செய்த ஊசி போட்டுக்கொண்ட 12 பேர் கிருமி தொற்றி ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். மெக்சிகோ கிளினிக்குகளுக்குப் போய் வந்தவர்களுக்குச் சாமானியத்தில் போகாத ஒரு கிருமி தொற்றியதை 2024ல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் எழுதியிருக்கிறது. அம்மாவுக்குச் சீழ் பிடிக்காமல் போனது எங்கள் அதிர்ஷ்டம், கிளினிக்கின் சுத்தம் என்று நான் நினைக்கவில்லை.

சரி, அறுவைக்கே போகலாம் என்றால் அதுவும் உடனே இல்லை. முட்டிக்குள் ஊசி போட்டிருந்தால் குறைந்தது மூன்று மாதம் தள்ளித்தான் அறுவை செய்வார்களாம், இல்லாவிட்டால் தொற்று வருகிற ஆபத்து அதிகம். அது போக மெட்ஃபோர்மினை நிறுத்தியதில் அம்மாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ.1.சி.) 10.4 சதவீதம். அது எட்டுக்குக் கீழே இறங்கினால்தான் மயக்க மருந்து டாக்டர் சம்மதிப்பார். வரிசையில் மறுபடி கடைசியிலிருந்து. அந்த டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

புகார் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போலீஸ் ரிப்போர்ட் செய்தேன். ஊசி போட்டது அந்நிய நாட்டில், கையெழுத்தும் நாங்களே போட்டிருக்கிறோம், பணம் 'சுற்றுலா'வுக்கு என்றார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து வெள்ளி கட்டி 50,000 வரை கேட்கலாம் என்று நம்பிப் போனேன். சிகிச்சைப் புகார் என்றால் பயனீட்டாளர் சட்டம் அதை எடுத்துக்கொள்ளாது. பேக்கேஜ் பணம் என்ற வகையில் கேட்டுப் பார்க்க இப்போது தாள்களைச் சேர்க்கிறேன். கூட்டத்தில் கொடுத்த நோட்டீஸையும் சுகாதார அமைச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். மருந்து விளம்பரம் என்றால் கே.கே.எல்.ஐ.யு. என்று ஓர் அனுமதி எண் அதில் அச்சாகியிருக்க வேண்டும், இதில் இல்லை. உங்கள் வீட்டிலும் அந்த நோட்டீஸ் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே பணம் கட்டி இன்னும் போகாதவர்கள் ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆள் சேர்த்துவிட்டால் தலைக்கு 500 வெள்ளி தருவதாக அந்த அக்கா சொன்னார். வலி இல்லாமல் இருந்த அந்த ஆறு வாரத்தில் நான் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டேன், ஆயிரம் வாங்கினேன். ஒருவர் அம்மாவோடு ஒரே நிரையில் மரம் வெட்டியவர். இரண்டு குடும்பத்துக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், ஒருவர் வாங்கிக்கொண்டார், ஒருவர் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி நாலு முறை கேட்டாகிவிட்டது. வீடியோவுக்காக ஆயிரம் வெள்ளி தள்ளுபடி வாங்கியிருக்கிறீர்களே என்பதுதான் பதில். வருகிற சனிக்கிழமை அதே பாலாய் ராயாவில் மறுபடி கூட்டம், காலை பத்து மணிக்கு. நான் ஒன்பதரைக்கே போய் வாசலில் உட்காரப்போகிறேன். அம்மாவை வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்கவில்லை. "என்னையும் கார்ல ஏத்து, நாற்காலியையும் எடுத்துக்கோ" என்றவர், நேற்றே அந்தப் பச்சைச் சேலையை அலமாரியிலிருந்து எடுத்துத் தேய்த்து வைக்கச் சொல்லிவிட்டார்.